தொழிற்சாலையைச் சைபர் தாக்குதலிலிருந்து காப்பது எப்படி? பேனல் கதவில் தொடங்கும் முழு வழிகாட்டி

2019 மார்ச் 19 அன்று காலை, நார்வேயின் அலுமினிய நிறுவனமான நோர்ஸ்க் ஹைட்ரோவின் அலுவலகத்துக்கு வந்தவர்கள் வாசலில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்தார்கள். நிறுவனத்தின் நெட்வொர்க்கில் எந்தக் கருவியையும் இணைக்காதீர்கள் என்று அதில் எழுதியிருந்தது. இரவோடு இரவாக லாக்கர்கோகா என்ற ரேன்சம்வேர் (கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் மென்பொருள்) ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் போட்டிருந்தது. நிறுவனம் பணம் கொடுக்கவில்லை. பேக்கப்பை வைத்து ஒவ்வொன்றாக மீட்டது. அதுவரை பல ஆலைகளில் வேலை கையால் நடந்தது. பழைய முறை தெரிந்த, ஓய்வு பெற்ற ஊழியர்கள்கூட உதவிக்கு வந்தார்கள்.

அவர்களைக் கரையேற்றியவை இரண்டு: நல்ல பேக்கப், கம்ப்யூட்டர் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஆட்கள். பாதுகாப்பு மென்பொருள் விற்க வருபவர்கள் இந்த இரண்டைப் பற்றியும் அதிகம் பேசுவதில்லை. இந்த வழிகாட்டி அங்கிருந்துதான் பேசுகிறது. தாக்குதலைத் தடுப்பது பாதி வேலை. தாக்குதல் நடந்தாலும் உற்பத்தி லைனைத் திரும்ப ஓட வைப்பது மீதிப் பாதி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் மீது சந்தேகம் வந்தால் உடனே கேபிளைப் பிடுங்கிவிடலாம். பெரிதாக ஒன்றும் ஆகாது. இயந்திரங்கள் ஓடும் உற்பத்தித் தளத்தில் அப்படிச் செய்ய முடியாது. உலை பாதி வெப்பத்தில் இருக்கும், ரோபோவின் கை நடுவானில் நிற்கும், கலவை தொட்டியில் கெட்டியாகிவிடும். அதனால் இங்கே வரிசையே வேறு: முதலில் ஆட்களின் உயிர், அடுத்து இயந்திரம் ஓடுவது, அப்புறம்தான் தகவலின் ரகசியம். இயந்திரங்களின் வயதும் ஒரு சிக்கல். 20 வருடம் ஓடும் இயந்திரத்துக்குள் 10 வருடத்தில் காலாவதியாகும் விண்டோஸ் உட்கார்ந்திருக்கும். இயந்திரங்கள் பல பேசிக்கொள்ளும் மோட்பஸ் மொழி 1979இல் வந்தது. அதன் மூல வடிவத்தில் 'நீ யார்?' என்று கேட்கும் வழக்கமே இல்லை. சரியான வடிவத்தில் கட்டளை வந்தால் போதும், இயந்திரத்தை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரான பிஎல்சி கீழ்ப்படிந்துவிடும்.

படி 1: பேனலைத் திறந்து கணக்கெடுங்கள்

உங்கள் ஐடி ஆளிடம் கருவிகளின் பட்டியல் கேட்டால் ஓர் எக்செல் ஷீட் வரும். அதை நம்பாதீர்கள். ஒரு நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, மின் பராமரிப்பு ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளான பேனல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். பேனலின் மேல்தகட்டில் காந்தத்தால் ஒட்டிய சின்ன ஆன்டெனா ஒன்று இருக்கும். அதன் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் சிம் கார்டு போட்ட மோடம் ஒன்று பச்சையாக மினுக்கிக்கொண்டிருக்கும். இயந்திரம் நிறுவிய அன்று சர்வீஸ் இன்ஜினியர் வைத்துவிட்டுப் போனது. அந்த சிம்முக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஐந்து போர்ட் உள்ள மலிவான நெட்வொர்க் ஸ்விட்ச், அதிலிருந்து லேபிள் இல்லாத நீல கேபிள் ஒன்று கூரை ட்ரேவுக்குள் போய் மறையும். கதவின் உள்பக்கம் பாஸ்வேர்டு எழுதிய ஸ்டிக்கர். நெட்வொர்க்கின் காவலாளியான உங்கள் ஃபயர்வால் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த மோடம் அதைச் சுற்றிக்கொண்டு போகும் பின்வாசல்.

ஒவ்வொரு கருவிக்கும் இவற்றைக் குறியுங்கள்: என்ன கருவி, எந்த மாடல், ஃபெர்ம்வேர் (கருவிக்குள்ளேயே உள்ள மென்பொருள்) பதிப்பு, ஐபி முகவரி, எதனுடன் பேசுகிறது, வெளியே போக வழி உண்டா, இதற்குப் பொறுப்பாளர் யார். கடைசிக் கேள்விக்குத்தான் விடை கிடைக்காது. அதற்கும் ஒரு பெயரை எழுதிவிட்டுத்தான் அடுத்த பேனலுக்குப் போக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. வேலையைச் சுருக்கலாம் என்று அலுவலக நெட்வொர்க்கில் கருவிகளைத் தேட ஓட்டும் ஸ்கேனர் மென்பொருளை ஓடும் லைனில் ஓட்டிவிடாதீர்கள். எதிர்பாராத தகவல் பாக்கெட் வந்தால் பழைய பிஎல்சி சில சமயம் அப்படியே உறைந்து நின்றுவிடும். ஸ்விட்சில், கடந்துபோகும் எல்லாவற்றின் நகலையும் தரும் மிரர் போர்ட் வைத்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் போக்குவரத்தை மட்டும் ஒட்டுக்கேட்கும் கருவிகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்துங்கள். ஸ்கேன் செய்தே ஆக வேண்டுமென்றால் லைன் நிறுத்தியிருக்கும் நாளில் செய்யுங்கள்.

படி 2: எது நின்றால் எல்லாம் நிற்கும்?

பட்டியல் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே அளவில் காக்க முயலாதீர்கள். முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது ஒரு நாள் இல்லையென்றால் என்ன ஆகும்?

விடை பல சமயம் ஆச்சரியமாக இருக்கும். பெரிய பிரஸ் இயந்திரத்துக்கு மாற்று வழி இருக்கும். லேபிள் அச்சிடும் பழைய கம்ப்யூட்டருக்கு இருக்காது. லேபிள் இல்லாமல் சரக்கு வெளியே போகாது, கிடங்கு நிறையும், பிறகு லைனை நீங்களே நிறுத்த வேண்டியதுதான்.

பட்டியல் உங்கள் காம்பவுண்டு சுவருக்குள் முடிவதும் இல்லை. 2022 மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் தன் 14 ஆலைகளில் இருந்த 28 லைன்களையும் ஒரு நாள் முழுக்க நிறுத்தியது. தாக்கப்பட்டது டொயோட்டா இல்லை. உதிரிபாகம் கொடுக்கும் கொஜிமா என்ற நிறுவனம். நீங்கள் சிறிய சப்ளையர் என்றால், 'நம்மை யார் தாக்கப்போகிறார்கள்' என்ற பேச்சுக்கு இதுவே பதில்.

படி 3: அலுவலகத்தையும் தளத்தையும் பிரியுங்கள்

2014இல் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அமைப்பு ஓர் உருக்காலைத் தாக்குதலைப் பற்றித் தன் அறிக்கையில் எழுதியது. போலி மெயில் மூலம் அலுவலக நெட்வொர்க்கில் நுழைந்தவர்கள் அங்கிருந்து உற்பத்தி நெட்வொர்க்குக்குப் போனார்கள். கடைசியில் ஊதுலையை முறைப்படி அணைக்க முடியாமல் பெரும் சேதம் ஆனது. அலுவலகத்துக்கும் தளத்துக்கும் நடுவே நடந்து போகும் பாதை இருந்தால் திருடன் நடந்துதான் போவான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு ஃபயர்வால் வையுங்கள். அதன் அடிப்படை விதி 'எல்லாம் மறுப்பு' என்று இருக்கட்டும். பிறகு தேவையானதை மட்டும், எந்தக் கருவியிலிருந்து எந்தக் கருவிக்கு எந்த போர்ட்டில் என்று எழுதித் திறந்துவிடுங்கள். அலுவலகத்தின் ஈஆர்பி என்ற நிர்வாக மென்பொருளுக்கு உற்பத்திக் கணக்கு வேண்டுமென்றால் அது நேராக பிஎல்சியிடம் போய்க் கேட்கக் கூடாது. நடுவில் ஒரு திண்ணை போல இடைப்பகுதி வைத்து, அங்கே ஒரு சர்வரில் தளம் தன் கணக்கை எழுதட்டும், அலுவலகம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். இரு பக்கமும் நேருக்கு நேர் கைகுலுக்கத் தேவையில்லை.

தளத்துக்குள்ளேயும் லைன் வாரியாக விலான் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாக்கும் முறை) பிரித்துவிட்டால் ஒரு லைனில் பிடித்த தீ அடுத்த லைனுக்குத் தாவுவது கடினமாகும். ஆனால் விலான் மட்டும் பிரித்துவிட்டு, அவற்றுக்கு இடையே எல்லாப் போக்குவரத்தையும் ரூட்டரில் திறந்துவிட்டவர்களும் உண்டு. படத்தில் பிரிந்திருக்கும், நிஜத்தில் ஒரே அறை.

இரண்டு நெட்வொர்க் கார்டு போட்ட கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடியுங்கள். ஒரு கால் அலுவலகத்தில், மறு கால் தளத்தில். பெரும்பாலும் ரிப்போர்ட் எடுப்பதற்காக யாரோ வசதிக்குச் செய்த வேலை. உங்கள் ஃபயர்வால் அந்த இடத்தில் இல்லாததற்குச் சமம்.

அவசரகாலத்தில் ஆலையைப் பத்திரமாக நிறுத்தும் பாதுகாப்புக் கண்ட்ரோலர் மற்ற எல்லாவற்றிலிருந்தும் தனியாக இருக்க வேண்டும். 2017இல் சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் டிரைட்டன் என்ற மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) நேராக அந்தக் கண்ட்ரோலரையே குறிவைத்தது. அந்தக் கண்ட்ரோலரின் முகப்பில் ஒரு சாவி உண்டு. அதை 'ரன்' நிலையில் வைத்தால் யாரும் வெளியிலிருந்து புரோகிராமை மாற்ற முடியாது. அது 'புரோகிராம்' நிலையிலேயே விடப்பட்டிருந்தது. உங்கள் பிஎல்சிகளிலும் அப்படிச் சாவியோ ஸ்விட்சோ இருக்கக்கூடும். இன்றைக்கே போய்ப் பாருங்கள். வேலை முடிந்ததும் ரன்னுக்குத் திருப்பி, சாவியைக் கழற்றி மேற்பார்வையாளர் அறையில் வையுங்கள். ஒரு காசு செலவில்லாத பாதுகாப்பு இது.

படி 4: வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒரே வாசல்

இயந்திரம் விற்றவர் தொலைவிலிருந்து பழுது பார்ப்பது இன்றைக்குத் தவிர்க்க முடியாதது. ஆனால் ஒவ்வொரு வெண்டரும் ஒவ்வொரு வழியில் வந்தால் உங்களுக்கு எத்தனை வாசல் என்று உங்களுக்கே தெரியாது.

2021இல் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைனுக்குள் தாக்குதல்காரர்கள் நுழைந்தது, தொலைவிலிருந்து நெட்வொர்க்கில் நுழையப் பயன்படும் ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக. யாரும் பயன்படுத்தாத கணக்கு, ஆனால் நீக்கப்படவில்லை. பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பும் இல்லை. 2023 நவம்பரில் அமெரிக்காவில் நீர் நிலையங்களில் இருந்த யூனிட்ரானிக்ஸ் பிஎல்சிகள் கைப்பற்றப்பட்டபோது கதை இன்னும் எளிது. கருவிகள் நேராக இணையத்தில் திறந்திருந்தன, தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டு 1111.

செய்ய வேண்டியது இது. எல்லா வெண்டர்களும் ஒரே விபிஎன் வழியாக, இரண்டடுக்குச் சரிபார்ப்புடன், இடைப்பகுதியில் உள்ள ஒரு ஜம்ப் சர்வருக்கு வர வேண்டும். அங்கிருந்து தங்கள் இயந்திரத்துக்கு மட்டும் போகலாம். ஆளுக்கு ஒரு கணக்கு. 'சர்வீஸ்' என்ற பொதுக் கணக்கு வேண்டாம். வேலை இருக்கும்போது திறந்து, முடிந்ததும் மூட வேண்டும். திரையில் நடப்பது பதிவாகட்டும்.

பேனலில் கண்ட அந்த மோடத்தை உடனே கழற்ற முடியவில்லையா? ஒப்பந்தம் தடுக்கிறதா? சரி, மோடத்துக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு சாவி ஸ்விட்ச் போட்டுவிடுங்கள். வெண்டர் போன் செய்து கேட்டால் ஷிஃப்ட் மேற்பார்வையாளர் திருப்புவார், முடிந்ததும் அணைப்பார். அழகான தீர்வு இல்லைதான். ஆனால் மின்சாரம் இல்லாத மோடத்தை யாராலும் ஹேக் செய்ய முடியாது.

படி 5: பென் டிரைவும் சர்வீஸ் லேப்டாப்பும்

நெட்வொர்க்கே இல்லாத இயந்திரம் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். ஈரானின் நதான்ஸ் யுரேனிய ஆலையைக் குலைத்த, 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் மால்வேரின் முக்கியமான பயண வழி பென் டிரைவ்தான்.

புதிய இயந்திரமும் நோயோடு வரலாம். 2018 ஆகஸ்டில் தைவானின் சிப் தயாரிப்பாளரான டிஎஸ்எம்சி ஒரு புதிய கருவியை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்தது. உள்ளே இருந்தது வான்னாக்ரை என்ற ரேன்சம்வேரின் ஒரு வகை. ஆலைகள் பல பாதிக்கப்பட்டன. அந்த வைரஸ் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது என்பதுதான் வேதனை.

வாசலருகே ஒரு தனிக் கம்ப்யூட்டரை வையுங்கள். அது எந்த நெட்வொர்க்கிலும் இருக்காது. வரும் பென் டிரைவ் எல்லாம் அதில் சோதனை ஆகி, கோப்புகள் நிறுவனத்தின் சொந்த டிரைவுக்கு மாறித்தான் உள்ளே போகும். வெண்டரின் லேப்டாப்பை பிஎல்சியில் சொருக விடாமல், தேவையான மென்பொருள் போட்ட உங்கள் சொந்த லேப்டாப்பைக் கொடுங்கள். அதில் மெயில் பார்ப்பதும் படம் பார்ப்பதும் கூடாது. இயந்திரத்தின் யுஎஸ்பி போர்ட்டில் ஆபரேட்டர்கள் போனை சார்ஜ் போடுவார்கள். திட்டிப் பயனில்லை. பக்கத்திலேயே ஒரு சாதாரண சார்ஜிங் பாயின்ட் வைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

படி 6: பழைய விண்டோஸ், பொதுப் பாஸ்வேர்டு

விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. மூன்றும் இன்னும் தளங்களில் ஓடுகின்றன. இயந்திரத்தின் மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது என்றால் மாற்றச் சொல்வதில் அர்த்தம் இல்லை. அதைச் சுற்றி வேலி போடுங்கள்: தனி விலான், இணையம் முழுத் தடை, பழைய எஸ்எம்பி 1 கோப்புப் பகிர்வு அணைப்பு, அனுமதித்த மென்பொருள் மட்டும் ஓடும் கட்டுப்பாடு. பேட்ச் போடக்கூடியவற்றுக்கு இயந்திரத் தயாரிப்பாளரின் ஒப்புதல் வாங்கி, பராமரிப்பு நிறுத்தத்தின்போது போடுங்கள். தானாக அப்டேட் ஆகும் வசதியைத் தளத்தில் அணைத்து வையுங்கள். இரவு ஷிஃப்ட் நடுவே ரீஸ்டார்ட் ஆன கம்ப்யூட்டரும் ஒரு தாக்குதல் மாதிரிதான்.

பாஸ்வேர்டு விஷயத்தில் அலுவலக விதியை அப்படியே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். ஐந்து நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும் திரையை ஆபரேட்டர் முன் வைத்தால், அலாரம் அடிக்கும்போது அவர் பாஸ்வேர்டு தட்டிக்கொண்டிருப்பார். ஓட்டுவது, நிறுத்துவது, பார்ப்பது பூட்டில்லாமல் இருக்கட்டும். ரெசிபி (பொருளைத் தயாரிக்கும் அளவுகளின் தொகுப்பு) மாற்றுவது, எல்லை அளவுகளை மாற்றுவது, புரோகிராம் ஏற்றுவது போன்றவற்றுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

படி 7: பேக்கப், இங்கேதான் நேரம் செலவழியுங்கள்

சர்வருக்கு பேக்கப் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவது லைனின் பிஎல்சி புரோகிராம் எங்கே என்று கேளுங்கள். 'அந்த லேப்டாப்பில் இருக்கும்' என்பார்கள். அந்த லேப்டாப் இப்போது எங்கே என்பது அடுத்த கேள்வி.

எடுக்க வேண்டியவை: பிஎல்சி புரோகிராம், ஆபரேட்டர் பார்த்து இயக்கும் எச்எம்ஐ திரைகள், மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களின் பாராமீட்டர்கள், ரோபோவுக்குக் கற்றுக்கொடுத்த நிலைகள், கம்ப்யூட்டர் வழி இயங்கும் சிஎன்சி இயந்திரங்களின் பாராமீட்டர்கள், ரெசிபிகள், ஸ்விட்ச் மற்றும் ஃபயர்வால் அமைப்புகள். இவற்றோடு இவற்றைத் திறக்கும் மென்பொருளின் அதே பதிப்பும் லைசென்சும் வேண்டும். 15 வருடப் பழைய புரோகிராமை இன்றைய பதிப்பு திறக்க மறுக்கலாம். பிஎல்சியிலிருந்து நேரடியாக இறக்கினால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பல மாடல்களில் குறிப்புகளும் மாறிகளின் பெயர்களும் கண்ட்ரோலருக்குள் இருப்பதில்லை. கிடைப்பது பெயரில்லாத முகவரிகள் நிறைந்த காடு. எழுதியவரிடமிருந்து மூலக் கோப்பை வாங்கி வையுங்கள்.

மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதி இங்கும் பொருந்தும். ஒரு திருத்தம்: ஒரு நகலாவது எந்தக் கேபிளிலும் இல்லாமல் இருக்க வேண்டும். ரேன்சம்வேர் ஆட்கள் முதலில் தேடி அழிப்பது பேக்கப் சர்வரைத்தான். 2017இல் நாட்பெட்யா என்ற மால்வேர் தாக்கியபோது கப்பல் நிறுவனமான மெர்ஸ்கின் டொமைன் கண்ட்ரோலர்கள் (யார் நெட்வொர்க்கில் நுழையலாம் என்று சரிபார்க்கும் சர்வர்கள்) கிட்டத்தட்ட அனைத்தும் அழிந்தன. கானாவில் ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு. அந்த அதிர்ஷ்டத்தை நீங்கள் திட்டமிட்டே உருவாக்கலாம்: வெளி ஹார்ட் டிஸ்கில் எழுதி, கழற்றி, அலமாரியில் பூட்டுங்கள்.

மீட்டுப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் எச்எம்ஐயை முழுதாக ஏற்றிப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்து எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதுங்கள். மென்பொருளைத் திறக்கச் சொருகும் லைசென்ஸ் டாங்கிள் காணோம், டிரைவர் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வருடத்துக்கு இரண்டு முறையாவது, ஓடும் புரோகிராமையும் பேக்கப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் யாரோ இரவில் ஒரு டைமரை மாற்றிவிட்டு எழுத மறந்திருப்பார். அப்படி இல்லையென்றால் உடனே விசாரிக்க வேண்டிய விஷயம்.

படி 8: ஒரு மெயிலில் போகும் பணம்

எல்லாத் தாக்குதலும் இயந்திரத்தைத் தொடுவதில்லை. 2016இல் ஜெர்மனியின் கேபிள் தயாரிப்பாளர் லியோனி சுமார் 4 கோடி யூரோவை இழந்தது, போலி அடையாளத்தோடும் போலி ஆவணத்தோடும் வந்த கோரிக்கைகளை நம்பி. வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று சப்ளையரிடமிருந்து மெயில் வந்தால், மெயிலில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல் உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். பெரிய தொகைக்கு இரண்டு பேர் கையெழுத்து. முதலாளியே அவசரம் என்று சொன்னாலும் விதி மாறாது என்று முதலாளியே அறிவிக்க வேண்டும். அதுதான் கடினமான பகுதி.

படி 9: கண் வைத்திருங்கள்

தளத்து நெட்வொர்க்கில் ஒரு வசதி உண்டு: தினமும் ஒரே மாதிரிதான் பேசும். அதனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். புதிய கருவி தோன்றியது, பிஎல்சியில் புரோகிராம் ஏறியது, யாரும் இல்லாத நேரத்தில் வெண்டர் கணக்கு நுழைந்தது, தளத்திலிருந்து இணையத்துக்கு யாரோ பேச முயன்றது. இந்த நான்குக்கு மட்டும் எச்சரிக்கை வைத்தாலே நல்ல தொடக்கம். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் எது முதலில் நடந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

இந்த அளவு வந்த பிறகு, முறைப்படி மேலே போக விரும்புபவர்கள் தொழில்துறைக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கான ஐஇசி 62443 தரத்தையும், இலவசமாகக் கிடைக்கும் என்ஐஎஸ்டி 800-82 வழிகாட்டியையும் படிக்கலாம். முதல் நாளே அவற்றைத் திறந்தால் மலைப்பில் மூடிவிடுவீர்கள்.

படி 10: அந்த நாளுக்கான தாள்

திட்டத்தைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் திட்டம் கம்ப்யூட்டரோடு பூட்டிக்கொள்ளும்.

முதல் வரி: அலுவலகத்தையும் தளத்தையும் துண்டிக்கும் அதிகாரம் யாருக்கு? இரவு 2 மணிக்கு அங்கே இருப்பவருக்கு அந்த அதிகாரம் இருக்க வேண்டும். தவறாகத் துண்டித்தாலும் கேள்வி வராது என்று எழுத்தில் கொடுங்கள். துண்டிக்க வேண்டிய கேபிளுக்குச் சிவப்பு டேப் சுற்றுங்கள்.

பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரை அணைக்க அவசரப்படாமல் நெட்வொர்க்கிலிருந்து மட்டும் பிரியுங்கள். நினைவகத்தில் உள்ள தடயம் புலனாய்வுக்கு உதவும். ஆனால் ஆட்களுக்கு ஆபத்து என்றால் தடயத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், இயந்திரத்தை அவசர நிறுத்தத்தில் போடுங்கள். நிறுவன மெயிலில் இதைப் பற்றிப் பேச வேண்டாம், உள்ளே இருப்பவர்கள் படிக்கக்கூடும். முக்கிய எண்கள் தாளில் இருக்கட்டும்: வெண்டர்கள், காப்பீடு, காவல்துறை, உங்கள் நாட்டின் சைபர் அவசர உதவி அமைப்பு, பெரிய வாடிக்கையாளர்கள்.

பணம் கொடுப்பதா? என் கருத்து, வேண்டாம். அறநெறியை விடுங்கள், கணக்கே சரிவராது. கலோனியல் பைப்லைன் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தது. கிடைத்த திறவுகோல் மிக மெதுவாக வேலை செய்ததால் தன் பேக்கப்பிலிருந்தே மீட்க வேண்டியிருந்தது.

மீட்கும்போது அவசரம்தான் எதிரி. அவர்கள் எந்த வழியில் வந்தார்கள் என்று தெரிந்து அதை அடைத்துவிட்டு, பாஸ்வேர்டு அனைத்தையும் மாற்றிவிட்டு, சுத்தமான நெட்வொர்க்கில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒவ்வொரு பிஎல்சி புரோகிராமையும் ஒப்பிட்டுப் பார்த்து, பாதுகாப்புச் சுற்றுகளைச் சோதித்த பிறகே லைனை ஓட்டுங்கள்.

இதை வருடத்துக்கு இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள். மேலாளர்களை ஏசி அறையில் உட்கார வைத்து ஒன்று. மற்றொன்று இரவு ஷிஃப்டில், முன்னறிவிப்பு இல்லாமல். தளத்துக்குப் போய் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்: எல்லாத் திரையும் சிவப்பாகிவிட்டது, இப்போது என்ன செய்வீர்கள், எந்தக் கேபிள், உலையைக் கையால் எப்படி இறக்குவீர்கள்? அவர் பதில் சொல்வதற்கு முன் யாருக்காவது போன் போடப் போனால், அந்தப் போனில் கேட்கப்போவது என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் அது தாளில் ஏற வேண்டும்.